கீழ இருக்கிறதெல்லாம் என் பாடு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். கொல்லிமலையில் குண்டனி நாட்டுப் பக்கம் இருக்கிற என் பிறந்த ஊரில் நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இடது இடுப்பு மூட்டை மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

நான் வாக்கப்பட்டது அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள். இடுப்பில் வலி வந்தபோது மெஷின் மிதிக்கிற வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டினேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், தொடை எலும்பின் மேல் உருண்டைக்கு ரத்தம் போகவில்லை, எலும்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றார். இந்த வயசிலேயே மூட்டை மாற்ற வேண்டாம், இருக்கிறதைக் காப்பாற்றிப் பார்ப்போம் என்று எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்தார். சிலருக்கு அதுவே பல வருஷம் தாங்குமாம். எனக்கு ஒரு வருஷம் தாங்கியது, என் ராசி அப்படி. உருண்டை நசுங்கிவிட்டது, இனி மாற்றுவதுதான் வழி என்று அவர் சொன்னபோது அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மாதான் அதட்டினாள்.

"செத்த எலும்ப வெச்சுக்கிட்டு என்ன கண்ணு பண்றது? எடுத்துப் போட்டுட்டு எந்திரிச்சு நட."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜெயில். தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. எல்லாவற்றுக்கும் மேலாக, இடுப்பை மடக்கிக் குனியவே கூடாது. தசை இறுகுகிற வரை புது உருண்டை இடுப்பெலும்புக் கிண்ணத்தை விட்டு நழுவிவிடலாம், நழுவினால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் பயமுறுத்தியே அனுப்பியிருந்தார்.

அம்மா மலையை விட்டு இறங்கி வந்து என்னோடு தங்கினாள். ஊசி விழுந்தால் அவள் எடுப்பாள், துண்டு விழுந்தால் அவள் எடுப்பாள். என் காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள். கால் நகத்தைக்கூட இன்னொருத்தர் வெட்ட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருக்கும், அதை மறைக்கச் சிடுசிடுப்பேன்.

"கீழ இருக்கிறதெல்லாம் என் பாடு, மேல இருக்கிறது உன் பாடு. குனிஞ்சியோ, பாத்துக்க" என்பாள்.

மலையில் மிளகு காயப் போட்டுவிட்டு வந்திருந்தாள். மழை வந்துவிடுமோ என்று அவளுக்கு ஒரே கவலை. "அள்ளி மூட்ட கட்டிட்டு நாளைக்கே வாரேன் சாமி" என்று பஸ் ஏறினாள். மறுநாள் விடியும்போது நெஞ்சு வலி. செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் டாக்டருக்குப் போன் போட்டார். மலை ஏறுவது அவ்வளவு நல்லதில்லை, போய்த்தான் ஆக வேண்டுமென்றால் முன் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துக் கூட்டிப் போங்கள், என்ன நடந்தாலும் தரையில் உட்காரவோ குனியவோ விடாதீர்கள் என்றாராம். நான் தலையை ஆட்டினேன். மனசுக்குள் வேறு முடிவு எடுத்திருந்தேன். மூட்டு நழுவினால் நழுவட்டும், என் அம்மா மேல் விழுந்து அழுதுவிட்டுத்தான் வருவேன்.

காரவள்ளி தாண்டியதும் ஆரம்பிக்கிற மலைப்பாதை வளைவுகள் ஒவ்வொன்றிலும் தலையணையைத் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ரோடு முடிகிற இடத்திலிருந்து வீடுகளுக்குப் போவது ஒற்றையடிப் பாதை, வாக்கர் அங்கே உதவாது. அம்மாவைத் தூக்க வந்திருந்தவர்கள் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வாசலில் பாய் விரித்து அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் தரையில் உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் இரண்டு நாற்காலியை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, தலையணை வைத்து உயரமாக ஓர் இருக்கை. பெற்றவள் சாவுக்கு விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டினாலும் அம்மாவின் நெற்றிக்கு எட்டவில்லை. கீழே இருக்கிறதெல்லாம் என் பாடு என்றவள் கீழேயே கிடந்தாள், எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

வாக்கரை ஊன்றி எழுந்து குனியப் போனேன். இடுப்பில் சுளீரென்று இழுத்தது. வீட்டுக்காரர் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "விடுங்க, நான் தொடணும், விடுங்க" என்று கத்தினேன். இழவு வீடே என்னைப் பார்த்தது.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். எங்கள் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரி. எங்கள் ஆடு அவளுடைய குச்சிக்கிழங்குப் பயிரை மேய்ந்த தகராறில், பல வருஷமாக அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாதவள். அவள் அங்கே வந்து நின்றதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"கட்டல எடுத்துட்டு வாங்க. ஒடம்பக் கட்டல்ல வெச்சு இந்தப் புள்ள கைக்கு எட்டுற மாதிரி தூக்கலாம்" என்றாள்.

என் மாமன், அம்மாவின் அண்ணன், பதறிப்போனார். "கெடத்துன ஒடம்பப் பொறப்படறதுக்கு முன்னால தூக்கக் கூடாதுங்க. தூக்குனா ஊர்ல இன்னொரு சாவு வரும்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள்.

"பெத்த புள்ளைக்காக ஒருக்கா எந்திரிச்சா என்னங்க தப்பு? உசுரோட இருந்திருந்தா எந்திரிச்சிருக்க மாட்டாளா? வாரது எனக்கே வரட்டும்."

மாமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். கட்டில் வந்தது. அம்மாவைப் பாயோடு அதில் வைத்தார்கள். பெண்கள் கட்டிலின் நாலு காலையும் பிடித்து என் தோள் உயரத்துக்குத் தூக்கினார்கள். தலைமாட்டுக் காலை அவள்தான் பிடித்தாள்.

அம்மாவின் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. நெற்றியைத் தடவினேன். கன்னத்தோடு கன்னத்தை வைத்தேன், சில்லென்று இருந்தது. காதோரம் ஒரு மிளகுச் சருகு ஒட்டியிருந்தது, அதை எடுத்துப் போட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. போதும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நிமிர்ந்தபோது அந்தப் பெண்ணின் கை முழங்கையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தது. வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன, துடைக்க அவளுக்குக் கை இல்லை. நான்தான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன். பிறகு, இறக்குங்க என்றேன்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் எனக்குப் பயம். அவளுக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தாலே மனசு படபடக்கும், அந்தச் சாவு அவளைத் தேடி வந்துவிட்டதோ என்று. நல்லவேளை, இன்றும் கிழங்கு பிடுங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். ஊருக்குப் போனால் அவள் வீட்டுக்குப் போகாமல் வருவதில்லை. பேசுவதற்கு இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது, சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன்.

மூட்டு இப்போது நன்றாக இருக்கிறது. மெஷின் மிதிக்கிறேன், பஸ் ஏறுகிறேன். கவனமாகக் குனியலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தால் ஒரு நொடி அப்படியே நிற்கிறேன், யாரோ எடுத்துத் தரப்போகிறார்கள் என்று. அப்புறம் நானே மெதுவாகக் குனிகிறேன், அப்படிக் குனியும்போதெல்லாம், நான் குனியக் கூடாது என்பதற்காகச் செத்த பிறகும் ஒரு தடவை எழுந்து வந்த அம்மாவும், அவளைத் தூக்கிப் பிடித்து நடுங்கிய அந்தக் கையும்தான் ஞாபகத்துக்கு வருகிறது.