அருளப்பு சொன்ன டயர்

மன்னார்ப் பட்டினத்தைத் தாண்டித் தலைமன்னார் வீதியில் ஏறிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு தகரக் கொட்டகை வரும். வாசலில் பெரிய லொறி டயர் ஒன்று அரைவாசி மண்ணுக்குள் புதைந்து வெள்ளை பூசி நிற்கும். பெயர்ப்பலகை கிடையாது. அருளப்புவின் டயர்க்கடையைத் தேடி வருகிறவர்களுக்குப் பெயர்ப்பலகை தேவைப்பட்டதும் இல்லை.

அருளப்பு தாழ்வுபாட்டுக்காரர். சொந்தக்காரர் எல்லாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் டயரோடு ஒட்டிக்கொண்டார். தொண்ணூறில் அகதியாக வள்ளமேறி அக்கரைக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்த காலத்தில், இராமநாதபுரத்துப் பஞ்சர் கடை ஒன்றில் பழகிய தொழில் அது. ஒரே மகன் டினேஷ் பிறந்ததும் முகாமில்தான். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது மனைவி அகஸ்ரினா தையல் மெசினைக் கொண்டுவந்தார். அருளப்பு டயர் கழற்றும் இரண்டு இரும்பு நெம்புகோல்களைக் கொண்டுவந்தார்.

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன வருடங்களில் புது டயர் கண்ணால் காணவும் கிடைக்கவில்லை. மன்னார் முழுக்கப் பாவித்த டயரில்தான் ஓடியது. அதைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவர் அருளப்பு. டயரின் மேல்வெட்டான பூவின் ஆழம் பார்ப்பார், விளிம்பைத் தடவிப் பார்ப்பார், கடைசியில் பெருவிரல் நகத்தால் ரப்பரை அமத்துவார். நகம் இறங்கினால் அந்த டயரை ஒரு பக்கம் தள்ளிவிடுவார். நம்முடைய வெயிலுக்கு இறுகின ரப்பர்தான் சரி என்பது அவருடைய கணக்கு. அதில் அவர் பிழைவிட்டது இல்லை.

ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வருகிற வான்கள் சிலவற்றில் ஸ்னோ டயர் பூட்டியபடியே இருக்கும். பனியில் ஓடுவதற்கென்று செய்த, நகம் இறங்குகிற மெதுவான ரப்பர். மேலெல்லாம் பிளேட்டால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள். பார்வைக்குப் புத்தம் புதிதாகத் தெரியும். மத்தியான வெயிலில் தார் இளகுகிற ரோட்டில் அது ஆறு மாதம் தாங்காது. வானைக் கொண்டு வருகிறவர்கள் பெருமையோடு காட்ட, அருளப்பு சிரித்துவிட்டுச் சொல்வார்:

"இது டயர் இல்லை தம்பி, பென்சில் அழிக்கிற அழிறப்பர். கழட்டுங்கோ."

டினேஷ் கூலர் லொறி ஓட்டினான். பேசாலையில் ஐஸ் போட்டு மீன் ஏற்றினால் விடியக் கொழும்பில் நிற்பான். டயர் விஷயத்தில் அவன் சொந்தமாக ஒரு முடிவும் எடுத்ததில்லை. அப்பா போட்டுக் கொடுப்பார், மகன் ஓடுவான். தலைமன்னாரில் பெண் எடுத்து, ஜெயந்தினியைக் கட்டிக்கொண்டு வந்து எட்டு மாதம் இருந்தான். அந்த நேரம் கனடாவுக்கு விசிற் விசா பரவலாகக் கிடைத்தது. ஊரில் பலர் போனார்கள். டினேஷும் போனான். போய் நிலைத்ததும் அவளைக் கூப்பிடுவதாகப் பேச்சு. ஜெயந்தினி மாமன் மாமியோடு தாழ்வுபாட்டு வீட்டில் இருந்தாள்.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், கோழி வெட்டிப் பொதி செய்கிற தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. முருங்கன் ஊர்ப் பெடியன் அனோஜனோடு ஒரே அறை. முதல் பனிக்காலத்தைப் பிறருடைய காரில் ஒட்டிக்கொண்டு கழித்தான். இரண்டாவது கார்த்திகையில் சொந்தமாக ஒரு பழைய கார் எடுத்தான். அதன் டயர்கள் மொட்டையாக இருந்தன.

அன்றைக்குத் தாழ்வுபாட்டு வீட்டில் செபமாலை சொல்லி முடிந்த நேரம். ஜெயந்தினியின் போன் அடித்தது. டினேஷ் வீடியோவில் முகம் காட்டிக் கதைத்தான். அங்கே காலை.

"அப்பாட்டைக் குடும்" என்றான். அருளப்பு போனை வாங்கினார்.

"அப்பா, டயர்க்கடையில நிக்கிறன். மூண்டு விதமாச் சொல்றாங்கள். ஸ்னோ டயர் ஒரு செட், பனிக்காலம் முடியக் கழட்டி வைக்கோணும். மற்றது ஓல் சீசன், வருசம் முழுக்க ஓடலாமாம். இல்லாட்டி, பின்னுக்குப் பாவிச்சது குவிச்சு வைச்சிருக்கிறாங்கள். எதை எடுக்க?"

அருளப்பு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகன் போன நாளிலிருந்து அவன் சொல்லுகிற எதுவும் அவருக்குப் பிடிபட்டதில்லை. பேப்பர், கேஸ், லோயர், ஷிப்ட் என்று அவன் சொல்ல, ஓம் ஓம் என்று தலையாட்டுவதோடு சரி. இன்றைக்குத்தான் தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறான்.

"ஸ்னோ டயரைத் தொடாத. மெதுவான சாமான். நான் இஞ்ச கழட்டி எறியிறன், நீ காசு குடுத்து வாங்கப் போறியோ? ஓல் சீசன் எண்டது விக்கிறதுக்கு வைச்ச பேர். பின்னுக்குப் போய்க் குவியலைக் காட்டு."

பக்கத்தில் நின்ற ஜெயந்தினி மெல்லச் சொன்னாள்.

"மாமா, அங்கத்தை ஆக்கள் பனிக்கெண்டுதானே அதைச் செய்து விக்கினம்."

அருளப்பு சிரித்தார்.

"ரப்பர் எங்கையும் ரப்பர்தான் பிள்ளை."

அரை மணி நேரம் போயிருக்கும். டினேஷ் ஒவ்வொரு டயராக வெளிச்சத்துக்கு உருட்டிக் காட்டினான். இவர் இங்கிருந்தபடி, திருப்பு, விளிம்பைக் காட்டு, நகத்தால அமத்திப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இறங்குதில்லை அப்பா, கல்லு மாதிரிக் கிடக்கு" என்றான் அவன். "அதுதான் வேணும்." நாலு டயர் தெரிந்தெடுத்தார்கள். முடிகிறபோது டினேஷ் போனை முகத்துக்கு நேரே பிடித்து, "நீங்கள் இஞ்ச நிண்டிருந்தா இந்தக் கடைக்காரன் கடையைப் பூட்டியிருப்பான் அப்பா" என்றான். அன்றிரவு அருளப்பு இன்னொரு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அகஸ்ரினா அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்.

தை மாதம் நடுவில், ஒரு நாள் மத்தியானம், அனோஜன் அருளப்புவின் போனுக்கு நேரே எடுத்தான். அவன் அதுவரை அவரோடு தனியாகக் கதைத்ததில்லை. கடையில் அருளப்பு ஒரு ஓட்டோவைச் சில்லுக் கழற்ற ஜக்கில் தூக்கி வைத்திருந்தார். "அங்கிள், பக்கத்தில ஆரும் நிக்கினமோ?" என்று அவன் கேட்டபோதே அவருக்கு விளங்கிவிட்டது.

இரவு வேலை முடிந்து வந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு வளைவில், கார் வழுக்கி எதிரே வந்த பாரவாகனத்தின் கீழே போயிருந்தது. ரோட்டிலே கண்ணாடிபோல ஐஸ் படிந்திருந்ததாம். டினேஷ் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டான்.

உடலை ஊருக்குக் கொண்டுவர வழி பிறக்கவில்லை. அங்கத்தைத் தமிழ்ச் சபை ஆட்கள் கூடி அடக்கம் செய்தார்கள். தாழ்வுபாட்டில் வீடு நிறையச் சனம் இருக்க, நடுவில் போனைச் சாய்த்து வைத்து அதைப் பார்த்தார்கள். நிலம் இறுகியிருந்தபடியால் மெசினால் கிண்டியிருந்தார்கள். குழியின் ஓரம் முழுக்க வெள்ளை. அகஸ்ரினா, "பிள்ளைக்குக் குளிருமே" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். 

மூன்றாம் நாள் அருளப்பு வேலிப் பக்கம் போய் நின்று அனோஜனுக்கு எடுத்தார்.

"தம்பி, காரில எந்த டயர் கிடந்தது?"



"அந்தப் பாவிச்சதுதான் அங்கிள். ஆனா அண்டைக்கு ஸ்னோ டயர் போட்ட காருகளும் பள்ளத்துக்குள்ள கிடந்தது. அந்த ஐஸில ஆருக்கும் பிடிக்காது. நீங்கள் அதை யோசியாதேங்கோ."

அருளப்பு வேறு எதையும் யோசிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு கடையைத் திறந்தார். அடுத்த கிழமையே ஒருவர் வான் கொண்டுவந்தார். நாலு சில்லிலும் ஸ்னோ டயர். கழற்றச் சொன்னார். அருளப்பு கழற்றினார். வான்காரர் போன பிறகு அந்த டயரிலிருந்து கையளவு துண்டு ஒன்றை வெட்டினார். தன் குவியலிலிருந்து பழைய இறுகின டயர் ஒன்றை எடுத்து அதிலும் ஒரு துண்டு வெட்டினார். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பேசாலைக்கு மோட்டார் சைக்கிளை விட்டார். டினேஷோடு கூலர் ஓட்டின வின்சன்ட் அங்கே மீன் ஏற்றப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வின்சன்ட், உன்ர ஐஸுக்குள்ள இதுகளைக் கொஞ்ச நேரம் தாட்டு வை."

வின்சன்ட் அவருடைய முகத்தைப் பார்த்தான். பெட்டியைத் திறந்து ஐஸைக் கிண்டி இரண்டு துண்டையும் உள்ளே வைத்தான். இரண்டு பேரும் லொறி நிழலில் குந்தியிருந்தார்கள். மீன் எடை போட்டு முடிந்தது. அருளப்பு எழும்பிப் போய்த் துண்டுகளை வெளியே எடுத்தார்.

பழைய துண்டு பலகையாக விறைத்திருந்தது. நகத்தை வைத்தார்; நகம்தான் நொந்தது. ஈரமான ஐஸ் கட்டி ஒன்றின் மேல் அதைத் தேய்க்க வழுக்கிக்கொண்டு ஓடியது. மற்றத் துண்டை எடுத்தார். ஐஸுக்குள் கிடந்தும் அது மெதுவாகவே இருந்தது. நகம் இறங்கியது. ஐஸ் கட்டியில் வைத்து இழுத்தால் அந்தச் சின்னச் சின்ன வெட்டுகள் பிடித்துப் பிடித்து வந்தன.

பத்துப் பதினைந்து வருடம் அழிறப்பர் என்று சொல்லி எறிந்த சாமான் அது.

"அங்கிள், வாங்கோ தேத்தண்ணி குடிப்பம்" என்றான் வின்சன்ட். அருளப்பு அந்த இடத்திலேயே, மீன் தண்ணி ஓடுகிற சீமெந்துத் தரையில், இருந்துவிட்டார். வின்சன்ட் பக்கத்தில் இருந்து அவருடைய முதுகில் கையை வைத்திருந்தான். அவர் அழுது முடிய வெகு நேரமாயிற்று.

அதற்குப் பிறகு அவர் எதையும் தெரிந்தெடுத்துக் கொடுக்கவில்லை. "அண்ணை, ரெண்டில எது நல்லம்?" என்று கேட்டால், "உங்களுக்குப் பிடிச்சதைப் பாருங்கோ" என்பார். ஒருவர் வற்புறுத்திக் கேட்டபோது கோபப்பட்டு எழும்பிப் போய்விட்டார். ஒட்டுவதும் காற்றடிப்பதும் மட்டும் செய்தார். ஆட்கள் மெல்ல மெல்ல வேறு கடைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடையிலாவது பரவாயில்லை. வீட்டில்தான் அவரால் இருக்க முடியவில்லை. அகஸ்ரினாவுக்கு டயர்க் கதை சரியாகத் தெரியாது. அன்றைக்கு அவர் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவர். ஆனால் ஜெயந்தினி பக்கத்தில் நின்றவள். அவள் சொன்னதைக் கேட்டிருந்தால். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், அவருடைய எண்ணெய்ச் சேட்டுகளைச் சவர்க்காரம் போட்டுத் தோய்ப்பாள், பின்னேரம் மாமியோடு கோயிலுக்குப் போய் வருவாள். அவள் திட்டினால், முகத்தைத் திருப்பினால், அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். தலைமன்னாரிலிருந்து அவளுடைய தாய் இரண்டு தரம் வந்து கூப்பிட்டார். பிள்ளை குட்டி இல்லை, இருபத்தாறு வயது, இங்கே இருந்து என்ன செய்யப் போகிறாய் என்றார். அவள் போகவில்லை. அவள் போக வேண்டும் என்று அருளப்பு மனதுக்குள் மன்றாடினார். அப்படி மன்றாடுகிற தன்னை நினைத்து வெட்கப்பட்டார்.

கார்த்திகை பிறந்து இறந்தோர் திருநாள் வந்தது. தாழ்வுபாட்டுச் சேமக்காலையில் பின்னேரமே சனம் கூடிவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்தின. இவர்களுக்குக் கழுவ ஒரு கல்லறை இல்லை. பெரிய சிலுவைக்குக் கீழே, கல்லறை தூரத்தில் உள்ளவர்கள் எல்லாரும் கொளுத்துகிற இடத்தில், அகஸ்ரினா மூன்று திரி வைத்தார். பாதர் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வர, அகஸ்ரினா பின்னால் போனார். அருளப்புவும் ஜெயந்தினியும் சிலுவையடியில் நின்றார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

அருளப்பு அவளைப் பாராமல் சொன்னார்.

"பிள்ளை, நீ அண்டைக்குச் சொன்னனி. நான் கேக்கேல்லை."

ஜெயந்தினி சாய்ந்துபோன திரி ஒன்றை நிமிர்த்தி வைத்தாள்.

"மாமா, நீங்கள் போனைத் தந்த பிறகு நான் அறைக்குள்ள கொண்டு போனனான். அவர் என்னட்டையும் கேட்டவர். நீர் என்ன சொல்றீர், ஸ்னோ டயரையே எடுப்பமோ எண்டு கேட்டவர். அனோஜனும் அதைத்தான் எடுக்கச் சொன்னவராம்."

அருளப்பு திரும்பினார்.

"நான் சொன்னன், மாமா இவ்வளவு ஆசையா இருந்து தெரிஞ்சு தந்தவர், நீங்கள் வேறயை வாங்கினா அவருக்கு மனம் நோகும் எண்டு. சரி எண்டு சொல்லி அதையே பூட்டச் சொன்னவர். நான் மற்றதைச் சொல்லியிருந்தா எடுத்திருப்பார், மாமா. எடுக்கத்தான் நிண்டவர்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இவ்வளவு காலமும் அவள் மாமனைக் குற்றம் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் இருக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளோ, தான் செய்தது தெரிந்தால் இந்த இரண்டு பேரும் தன்னை என்ன நினைப்பார்கள் என்று பயந்து, அதற்குப் பிராயச்சித்தம்போலச் சேட்டுத் தோய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ என்னை நினைச்சுச் சொன்னனி" என்றார் அருளப்பு.  அவளுடைய தலையில் கையை வைத்தார். மருமகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தரம்.

சொல்லிவிட்டால் பாரம் பாதியாகும் என்பார்கள். அப்படி ஆகவில்லை. அவருடையது அவரிடம் முழுசாகவே இருந்தது, அவளுடையது அவளிடம். ஆனால் அன்றிரவு இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். அவனைப் பற்றிக் கதைத்தார்கள். கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் லொறியை வாசலில் விட்டுவிட்டு முதலில் குளிக்காமல் உள்ளே வராதவன் என்று அகஸ்ரினா சொன்னார். ஜெயந்தினி சிரித்தாள்.

நத்தாருக்கு ஆயத்தமாகிற திருவருகைக் காலம் தொடங்க முன், ஒரு திங்கட்கிழமை காலையில், அவள் அருளப்புவிடம் வந்து நின்றாள்.

"மாமா, நான் அம்மாட்டைப் போகட்டோ?"

"போ பிள்ளை. போகத்தான் வேணும்."

இரண்டு பெட்டியும் ஒரு சூட்கேசும்தான் சாமான். வின்சன்ட் லொறியைக் கொண்டு வந்தான். தலைமன்னாரில் அவளை இறக்கிவிட்டு, தாய் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அருளப்பு எழும்பினார். படலை வரைக்கும் ஜெயந்தினி வந்தாள்.   லொறி திரும்பியது.

வீட்டுக்கு வந்தபோது அகஸ்ரினா மருமகள் படுத்த அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அருளப்பு வாசற்படியில் இருந்தார்.

"இஞ்ச, அகஸ்ரினா" என்றார். "கொஞ்சம் இதில வந்து இரும். டினேஷின்ர டயரைப் பற்றி உமக்கு ஒண்டு சொல்லோணும்."

அகஸ்ரினா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.