விரத நாட்களில் ஏறிய எண்

2023 நவம்பர் 20 – 8.1
2023 டிசம்பர் 18 – 9.4
2024 ஜனவரி 8 – 10.6
2024 ஜனவரி 22 – 11.2
2024 நவம்பர் 11 – 4,650 வெள்ளி
2025 ஜனவரி 27 – 7.2

இவற்றில் ஒன்று மட்டும் பணம். மற்றவை என் தங்கை ஜெயலெட்சுமியின் கணவர் கார்த்திகேசுவின் இரத்தத்தில் இருந்த சர்க்கரை; எங்கள் மெஷின் கணக்கில் ஏழுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. திங்கட்கிழமைகளில் அவர் வேலைக்குப் புறப்படும் முன், வெறும் வயிற்றில், நானே விரலில் குத்தி எடுத்து என் புத்தகத்தில் எழுதிய அளவுகள். துறைமுகக் கிடங்கில் முப்பத்து நான்கு ஆண்டு கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். வீட்டில் யாருக்கு எதை அளக்க வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

கார்த்திகேசு 1967இல் எங்கள் தீவின் டத்தோ கிராமாட் பகுதியில் பிறந்தார். பள்ளியில் ஆறு வருடம். பதினெட்டு வயதில் லாரியில் கிளீனர், இருபத்தாறில் பஸ் ஓட்டுநர். டத்தோ கிராமாட்டிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு நாற்பது பெண்களை ஏற்றிச் செல்வார். அதிகாலை ஐந்து மணிக்கு முதல் ஓட்டம். ஓட்டுநர் சீட்டைத் தவிர வேறெதிலும் அவருக்குப் பெருமை இருந்ததாக நான் பார்த்ததில்லை. அறுபது வயதில் சாவியைத் தன் கையால் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும் என்பார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

இனிப்புநீர் வந்து ஒன்பது வருடம். மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

2023 டிசம்பர் 8ஆம் தேதி, தைப்பூசக் காவடிக்காக நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினார். மதியம் ஒரு வேளை மரக்கறிச் சோறு, இரவில் சர்க்கரை போடாத பால். கட்டிலை விட்டுத் தரையில் பாய், தலையணை கிடையாது. சாப்பாடு பாதியானால் எண் இறங்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறியது. தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு 11.2. எனக்கு ஒரே விளக்கம்தான் தோன்றியது. தங்கையின் முன்னாலேயே கேட்டேன்.

"மாப்பிள்ளே, நம்பர் பொய் சொல்லாது. எந்தக் கடையில உக்காந்து தின்னீங்க?"

அவர் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டார்.

"மாலை போட்டுக்கிட்டு திங்கிறவனா நான்? உங்க மெஷின் சொல்றத நீங்க நம்புங்க மச்சான். நான் முருகன்கிட்ட சொல்லிக்கிறேன்."

அந்த ஆண்டு தண்ணீர்மலைக் கோயிலுக்கு அவர் காவடியோடு ஏறியபோது நான் உடன் போகவில்லை. அவர் என்னைக் கூப்பிடவுமில்லை.

பிப்ரவரி 17, சனிக்கிழமை. உறவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் பட்டர்வொர்த் போக வேண்டியிருந்தது. கடலைக் கடக்கும் பெரிப் படகில் எங்கள் இருவருக்கும் நடுவில் தங்கை உட்கார்ந்தாள். பெரி கரையை விடுவதற்குள் கார்த்திகேசு தூங்கிவிட்டார். நல்ல பகல் பதினொரு மணி, சுற்றிலும் பிள்ளைகளின் சத்தம். தலை பின்னால் சாய்ந்து குறட்டை கிளம்பியது. திடீரென்று குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டியவர் போலத் திணறி மூச்சை இழுத்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். பன்னிரண்டு நிமிடத்தில் ஏழு முறை மூச்சு நின்றது. நீண்டது முப்பத்து நான்கு விநாடி.

"தினமும் இப்படியா?" என்று கேட்டேன்.

"தினமும்தான்ணே. பாயில படுத்தப்ப இன்னும் மோசம். அசதியில நல்லா தூங்குறாருன்னு நெனச்சேன்லா" என்றாள் தங்கை.

எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். சத்தமாகக் குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம். ஒன்பது வருடம் அவர் தின்றது, குடித்தது, நடந்தது எல்லாம் என் புத்தகத்தில் இருந்தன. தூக்கத்துக்கு ஒரு வரி இல்லை.

அந்த ஏழு எண்களையும் சுத்தமாக எழுதி, அரசாங்கக் கிளினிக்குக்கு என்னோடு வரும்படி அவரைக் கேட்டேன். வருகிறேன் என்றார். கிளினிக் வாசலில் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"ஓட்டும்போது கண்ணு சொக்குறத மட்டும் எழுதிடாதீங்க மச்சான். சீட்ட புடுங்கிருவாங்க."

அதுவரை அது எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. அந்த நாற்பது பெண்களை நினைத்தேன். ஒரு முறை அவர்மீது பொய்யாகக் குற்றம் சுமத்தியவன் என்பதையும் நினைத்தேன். நான் எழுதவில்லை. தாளின் கடைசி வரியை வெறுமையாக விட்டேன்.

டாக்டர் இஸ்ஸதி இளவயதுப் பெண். தாளை இரண்டு முறை படித்தார். மலாய் மொழியில் பொறுமையாக விளக்கினார். தூக்கத்தில் மூச்சு நிற்கும்போதெல்லாம் உயிர்வாயு குறைகிறது, உடம்பு ஆபத்து என்று பதறுகிறது, அந்தப் பதற்றத்தில் கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது, இன்சுலினின் வேலையும் மந்தமாகிறது. இரவு முழுக்க இப்படி நடந்தால் காலையில் எண் ஏறித்தான் இருக்கும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை இன்னும் அடைக்கும். இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு காரணமாக இருக்கலாம், சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, வண்டி ஓட்டும்போது தூக்கம் வருமா என்று கேட்டார்.

நான் மேசையைப் பார்த்தேன். கார்த்திகேசு என்னைப் பார்த்தார். பிறகு அவரே மலாயில் சொன்னார், சிக்னலில் இரண்டு முறை, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு முறை என்று.

வெளியே வந்து நடக்கும்போது, "திங்கலன்னு இப்பவாச்சும் எழுதிக்கிட்டீங்களா?" என்றார். எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் எனக்கு முன்னால் நடந்தார்.

டாக்டரின் குறிப்பு கம்பெனிக்குப் போனது; மார்ச் 4ஆம் தேதி அங்கிருந்து முதல் கடிதம் வந்தது. சிகிச்சை முடிந்து டாக்டர் சான்று தரும்வரை ஓட்டக் கூடாது, டிப்போவில் பஸ் கழுவும் வேலை. தூக்கச் சோதனைக்கு அக்டோபர் 8ஆம் தேதிதான் இடம் கிடைத்தது. மணிக்கு நாற்பத்தொரு முறை மூச்சு நின்றதாக அறிக்கை. மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் இயந்திரத்தின் விலைதான் மேலே உள்ள 4,650 வெள்ளி. முதல் இரவு அதை மாட்டிக்கொண்டு, "லெட்சுமி, பஸ்ஸ விட்டுட்டேன், இனிமே பிளேன்தான்" என்றாராம். ஒரு வாரம் கழற்றிக் கழற்றி வைத்தார். பிறகு பழகிக்கொண்டார்.

அடுத்த விரதத்தில் பாயின் பக்கத்திலேயே இயந்திரம் இருந்தது. ஒருக்களித்துப் படுத்தார். மாத்திரையும் சாப்பாடும் பழையபடிதான். எண் 7.2. அந்தத் தைப்பூசத்தில் என்னைக் கூப்பிட்டார். எழுபத்து நான்கு வயதில் படிகளில் பாதிவரைதான் என்னால் ஏற முடிந்தது.

டாக்டரின் சான்றை மார்ச் மாதம் கம்பெனியில் கொடுத்தோம். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. தினமும் மாலை பஸ் கழுவிய ஈரக் காலோடு வந்து தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

கடைசிக் கடிதத்தைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். படித்துச் சொன்னேன். சான்றை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் அந்த ஓட்டம் இப்போது குத்தகைக்காரரிடம் போய்விட்டது, ஓட்டுநர் இடம் காலி இல்லை, ஓய்வு பெறும்வரை கழுவும் பகுதியிலேயே தொடரலாம்.

"சாவிய யார்கிட்ட கொடுத்தேன்னுகூட ஞாபகம் இல்ல" என்றார். கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே, "மொத்தம் எத்தன நாளு மச்சான்?"

முதல் கடிதத்திலிருந்து ஐந்நூற்று இருபத்தெட்டு என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் அறையிலிருந்து இயந்திரத்தின் காற்றுச் சத்தம் கேட்டது, இடைவெளி இல்லாமல். தங்கை கதவைச் சாத்தினாள். நான் புத்தகத்தை எடுத்து எழுதினேன்.

கடிதம் வந்தது: 2025 ஆகஸ்டு 14, வியாழன்.