கலந்தர் காக்காவின் முப்பத்தெட்டாம் இடம்

மாப்பிள்ளையின் பெயரைக் கேட்குமுன்பே கலந்தர் காக்கா அவன் படித்த பல்கலைக்கழகத்தைக் கேட்டுவிடுவார். கேட்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைத்தொலைபேசியை முகத்தருகே பிடித்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, உலகத் தரவரிசையில் அது எங்கே நிற்கிறது என்று தேடுவார். பெண்ணைப் பெற்றவர்கள் அதுவரை மூச்சுவிடாமல் காத்திருக்க வேண்டும். "மொத்தத் தரத்தப் பாத்து ஏமாறாதீங்க. என்ஜினியரிங் தரம் வேற. அதுலயும் சிவில் ஒரு இடம், மின்சாரம் இன்னொரு இடம்."

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதில் காக்காவைப்போல் கலியாணத் தரகர்கள் பலர் உண்டு. மற்றவர்கள் வயல் எத்தனை ஏக்கர், தகப்பன் என்ன தொழில் என்று விசாரிக்க, காக்கா மட்டும் ஆராய்ச்சிக் கட்டுரைகளை விசாரிப்பார். அவர் தாண்டியது எட்டாம் வகுப்பு. ஆனால் எந்தப் பல்கலைக்கழகம் இந்த வருசம் இரண்டு இடம் சறுக்கியது என்று கேட்டால், சொந்த மச்சான் வழுக்கி விழுந்த கவலையோடு சொல்வார். மாப்பிள்ளையின் பல்கலைக்கழகம் ஐம்பதுக்குக் கீழே இறங்கிய வாரத்தில் மருதமுனையில் ஒரு சம்பந்தமே நின்றுபோனது. பையன் படித்து முடித்து ஆறு வருசம் ஆகியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

வெளிநாட்டில் படித்த மாப்பிள்ளை என்றால் காக்காவின் குரலே மாறும். "அங்க எல்லா நாட்டுப் புள்ளைகளும் படிக்காங்க. சீனன், ஆபிரிக்கன், வெள்ளக்காரன், சிங்களப் புள்ளைகள், எல்லாம் கலந்துதான். தரம் போடக்குள்ள அதுக்கும் தனியாப் புள்ளி குடுக்காங்க, தெரியுமா? கலந்து பழகின புள்ளைக்குத்தான் ஒலகம் தெரியும்."

அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆதிலா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்ஜினியரிங் படித்து முதல் வகுப்பில் தேறியவள். அவளுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போகும் இடங்களில் காக்கா சொல்வது இவ்வளவுதான்: "புள்ள கம்பியூட்டர் கொஞ்சம் படிச்சிரிக்கா." அதிகம் படித்த பெண் என்றால் சம்பந்தம் தட்டிப்போகும் என்பது அவருடைய தொழில் அனுபவம். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதற்காக அடுத்த வளவில் அவளுக்கென்று ஒரு வீட்டையும் எழுப்பிக் கூரை போட்டு வைத்திருக்கிறார்.

அப்படியிருக்கையில்தான் ஆதிலாவுக்கு அவுஸ்திரேலியாவில் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசிலோடு இடம் கிடைத்தது. தரம் முப்பத்தெட்டு. காக்கா தேடிப் பார்க்கத் தேவையே இல்லை. அங்கே படித்த இரண்டு பேருக்கு அவரே பெண் பார்த்துக் கொடுத்திருக்கிறார். மனைவி றஹீமா மக்காவுக்கு உம்றாப் பயணம் போய்வந்த பிறகு அலுமாரிக்கு மேலே கிடந்த பெட்டியை மகளுக்காக இறக்கி வைத்தாள். காக்கா அதைத் தூக்கி மறுபடியும் மேலே வைத்தார்.

"ஏன் வாப்பா? தரம் காணாதா?" என்றாள் ஆதிலா.

"தரம் நல்லம்தான் மகள். ஆனா எல்லா இனமும் கலந்து கிடக்கிற இடம். பொம்புளப் புள்ளைக்குச் சரிவராது."

"அதுக்குத் தனியாப் புள்ளி இரிக்கி எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ஆம்புளைகளுக்கு."

அதன்பிறகு அவள் அவரோடு கதைக்கவில்லை. காக்காவுக்கு அது பொறுக்க முடியாத வேதனை. தரவரிசைப் பக்கத்தைத் தொலைபேசியில் எடுக்கப் பழக்கியதே அவள்தான். அதைப் பற்றி வீட்டில் கதைக்க அவருக்கு இருந்த ஒரே துணையும் அவள்தான்.

அந்த வாரமே சபியா உம்மா தன் மகள் பஸ்மிலாவுக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தார். காக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒரு மாப்பிள்ள இரிக்காரு. முப்பத்தெட்டாம் இடம்." சீனனில் தொடங்கி ஒருவரையும் விடாமல் சொன்னார். சபியா உம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்கட ஆதிலாவுக்கும் அங்கதான் கிடைச்சிரிக்கி எண்டு கதை. அனுப்பிராதீங்க காக்கா. எல்லா இனமும் கலந்து கிடக்கிற இடமாம். பொம்புளப் புள்ளைக்குச் சரிவராது."

சொல்லுக்குச் சொல் அவருடையதே. ஆனாலும் வேறொரு வாயிலிருந்து கேட்டபோது கூச்சமாக இருந்தது. தன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல இவள் யார் என்று கோபமும் வந்தது. குசினியில் ஆதிலா கோப்பை கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

"முப்பத்தெட்டாம் இடம்," என்றார் காக்கா. "கம்பியூட்டர் கொஞ்சம் படிச்ச புள்ளைக்கு அங்க இடம் குடுக்க மாட்டாங்க."

எழுந்து அறைக்குள் போனார். கதிரையைப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த உம்றாப் பெட்டியை இறக்கினார். அதைக் கொண்டுவந்து சபியா உம்மாவுக்கு முன்னால் நடுக்கூடத்தில் வைத்து, தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தூசி தட்டத் தொடங்கினார்.