வேலிக்கு ஒதுக்கிய பணம்

லைலா தேடிப்போய்ப் பிரதேச சபை உறுப்பினர் ஆனவர் அல்ல. 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் எல்லாக் கட்சிகளும் பெண்களின் பெயர்களையும் பட்டியலில் சேர்த்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. கட்சிக்காரர்கள் பெண் பெயர் தேடி ஊருக்குள் அலைந்தார்கள். வசதியான வீடுகளில் புருஷன்மார் சம்மதிக்கவில்லை. லைலா கல்முனைக் கடைகளிலும் ஊர்ச் சந்தையிலும் சாறியும் அபாயாத் துணியும் எடுத்து, பொதியாகக் கட்டி, கணவர் அக்ரமின் முச்சக்கர வண்டியில் ஏற்றிப்போய் வீடு வீடாக விற்பவர். அவருக்குத் தெரியாத வாசல் இல்லை.

"பேர மட்டும் தாங்க ராத்தா. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். தேர்தல் முடிந்து ஆசனங்களைப் பிரித்தபோது, கட்சிக்குக் கிடைத்த பெண் ஆசனம் லைலாவின் பெயருக்கு வந்தது.

சபையில் குழுக்களைப் பிரித்தார்கள். வீதிக் குழுவுக்கு அடிபிடி. நிதிக்குழுவுக்கு யாரும் முண்டியடிக்கவில்லை; அந்தக் கூட்டம் நீளமானது, அதில் பேசுவது வெளியில் யாருக்கும் கேட்காது. லைலா தானாகக் கை தூக்கினார்.

"காசு இரிக்கிற இடம் அதுதானே. அங்க இருந்தாத்தான் எதையும் செய்யலாம்" என்று அக்ரமிடம் சொன்னார்.

மாதம் ஒருமுறை குழு கூடும். தவிசாளர் அபுல் ஹஸன் ஹாஜியார் தலைமை தாங்குவார். போன மாதம் சபைக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று செயலாளர் கலாராணி வாசிப்பார். இந்தச் செலவுக்கு ஒதுக்கீடு இருக்கிறதா, ஒழுங்காக விலை கேட்டு வாங்கினார்களா, பில்லைக் கட்டலாமா என்று பார்த்துச் சபைக்குச் சொல்ல வேண்டியது குழுவின் வேலை. முதல் வருடம் லைலாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மற்றவர்கள் தலையாட்டும்போது தானும் ஆட்டினார். பிறகு மெல்ல மெல்லக் கேள்வி கேட்கப் பழகினார். ஒருமுறை தெருவிளக்குகளுக்கு வந்த பில்லைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பல்பெல்லாம் எந்த ரோட்டில எரியுது மிஸ்?" என்று கேட்டார். பில் திரும்பிப் போனது. அன்று வீட்டில் அவர் பாடிக்கொண்டே சமைத்ததாக அக்ரம் இன்றும் சொல்வார்.

ஊரின் குப்பையெல்லாம் மேற்கே, வயல்கள் முடிந்து பற்றைக்காடு தொடங்கும் இடத்தில் கொட்டப்பட்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு குடியேற்றம் இருந்தது. காட்டிலிருந்து யானைகள் முதலில் குப்பைமேட்டுக்கு மட்டும் வந்தன. அழுகிய மரக்கறியையும் சாப்பாட்டுப் பொதிகளையும் பொலித்தீனோடு சேர்த்துத் தின்றன. பிறகு நெல்லின் வாசம் பிடித்து வீடுகளுக்கு வந்தன.

அந்தக் குடியேற்றத்தில் லைலாவிடம் வழமையாகத் துணி எடுப்பவள் றஹீமா. கணவன் பஸால் குத்தகைக்கு வயல் செய்தான். ஒரு நாள் லைலா போனபோது றஹீமாவின் குசினிச் சுவர் இல்லை. கல்லெல்லாம் முற்றத்தில் கிடந்தது.

"நெல்லு மூட்டைக்கு வந்திட்டு ராத்தா. புள்ளயள் ரெண்டும் உள் அறையில கிடந்ததுகள். அல்லாஹ்தான் காப்பாத்தினான்" என்றாள் றஹீமா. "நீங்க சபையில இரிக்கீங்க. ஒரு வேலி போடச் சொல்லுங்களன்."

அடுத்த கூட்டத்தில் லைலா அதைக் கதைத்தார். குப்பைமேட்டைச் சுற்றி மின்சார யானை வேலி வேண்டும் என்றார். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யானை நம்மட பொறுப்பில்ல தங்கச்சி. அதுக்கு வேற திணைக்களம் இரிக்கி."

"யானை அவங்கட. குப்பை நம்மடதானே ஹாஜி."

ஹாஜியார் சிரித்துவிட்டார். கெட்ட மனிதரல்ல. ஆனாலும் அந்த வருடமும் அடுத்த வருடமும் வேலி சபையின் வரவுசெலவுப் பாதீட்டில் ஏறவில்லை. லைலா விடாமல் கேட்டார். 2021 டிசம்பரில், அடுத்த வருடத்துக்கான பாதீட்டைக் குழு பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹாஜியாரே "சரி, இந்த முறை வேலியப் போடுவம்" என்றார். கலாராணி தொகையைச் சேர்த்தார். சபை ஏகமனதாக நிறைவேற்றியது. குடியேற்றத்தில் லைலாவை இருத்தி வட்டிலப்பம் தந்தார்கள். பஸால் கம்பங்கள் எந்த இடத்தில் வந்தால் நல்லது என்று நடந்து காட்டினான்.

தை போனது, மாசி போனது. கம்பம் ஒன்றும் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் லைலா கலாராணியின் மேசைக்குப் போனார்.

"மிஸ், காசு ஒதுக்கியாச்சிதானே. ஏன் வேலை தொடங்கல்ல?"

கலாராணி கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். "மெம்பர், பாதீட்டில இருக்கிறது காசில்ல. இந்த வருசம் இவ்வளவு வரும் எண்டு நாங்க நினைக்கிறது. சந்தைக் கடைக்காரர் வாடகை கட்டினா, வீட்டு வரி வந்தா, அரசாங்கம் தரவேண்டியதத் தந்தா வேலி வரும்."

"வராட்டி?"

"வராட்டி அது எழுத்தில மட்டும் இருக்கும்."

அந்த வருடம் நாடே கவிழ்ந்தது. டீசல் இல்லை, காஸ் இல்லை, சந்தையில் பாதிக் கடை பூட்டுப்போட்டுக் கிடந்தது. திறந்திருந்த கடைக்காரர்களும் வாடகை கேட்கப் போனால் வெறும் தட்டுகளைக் காட்டினார்கள். அவர்களில் பலர் லைலாவுக்குத் துணி தருபவர்கள். யாரை நெருக்குவது? வேலிக் கம்பியின் விலையும் ஒதுக்கிய தொகையைத் தாண்டிப் போய்விட்டது.

ஆடி மாதம் சபைக்குக் கொஞ்சப் பணம் வந்தது. அரசாங்கத்திடமிருந்து நெடுநாளாக வரவேண்டியிருந்த முத்திரைக் கட்டணம். அதை என்ன செய்வது என்று நிதிக்குழு கூடியது. லைலா அவசரமாகப் படியேறியபோது வாசலில் செல்லத்தங்கம் நின்றாள். சந்தை வீதி கூட்டுகிற, நிரந்தரமில்லாத அமய ஊழியர்களில் ஒருத்தி. பின்னால் மற்றவர்களும் நின்றார்கள். அவர்களுக்குச் சம்பளம் நின்று இரண்டாவது மாதம். மண்ணெண்ணெய் கிடைக்காததால் அவள் கணவனின் தோணியும் கரையில் ஏறிக் கிடந்தது.

"மெம்பரம்மா, பிள்ளையளுக்கு மரவள்ளிதான் அவிச்சுக் குடுக்கிறன்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

உள்ளே கலாராணி இருந்த நிலையைச் சொன்னார். வந்த பணத்தில் ஊழியர்களின் சம்பளத்தைக் கொடுக்கலாம். அல்லது வேலியின் ஒரு பக்கத்தையாவது, குடியேற்றம் இருக்கும் பக்கத்தை, அடைக்கலாம். இரண்டுக்கும் போதாது.

"நீங்கதான் வேலிக்காக நிண்ட ஆள். சொல்லுங்க தங்கச்சி" என்றார் ஹாஜியார்.

லைலா வாசல் பக்கம் பார்த்தார். சம்பளம் கொடுக்காவிட்டால் நாளைக்கே வேலைக்கு வரமாட்டார்கள், ஊர் நாறும், அதைவிட, அந்த மரவள்ளி. யானை ஒருவேளை வராமலும் போகலாம்.

"சம்பளத்தக் குடுங்க" என்று சொல்லிக் கை தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள்.

சிறுபோக அறுவடை தொடங்கிய கிழமை. பஸால் இரவெல்லாம் வயல்வட்டையில் நெல்லுக்குக் காவல் இருந்துவிட்டு, அதிகாலை ஸுபஹுத் தொழுகைக்கு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். வயலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி குப்பைமேட்டைத் தொட்டுக்கொண்டு போகிறது. மேட்டின் மறைவில் நின்ற யானையை அவன் காணவில்லை.

அக்ரமுக்குத்தான் முதலில் தகவல் வந்தது. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "லைலா, பஸால் மௌத்தாப் போயிட்டான்" என்றார். லைலா எதனால் என்று கேட்கவில்லை.

ஜனாஸாவுக்கு ஹாஜியாரும் வந்தார். சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தாங்கினார், அழுதார். குடியேற்றத்து ஆட்கள் அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து நேரே குப்பைமேட்டுக்குப் போய், வழியில் மரத்தைத் தறித்துப் போட்டு, குப்பை ட்ரக்டரை மறித்தார்கள். ஊருக்குள் குப்பை தேங்கியது. மழை பெய்து எல்லாம் வீதிக்கு வழிந்தது; ஆசுப்பத்திரி வாசலில் ஈ மொய்த்தது. நிதிக்குழு அவசரமாகக் கூடியது. யானைகளுக்குப் பொறுப்பான திணைக்களத்துக்கு எழுதுவது என்று முடிவானது. யானையைத் துரத்த ஆள் அனுப்பலாம், குப்பைமேட்டுக்கு வேலி போடுவது சபையின் வேலை என்று அவர்கள் பதில் சொன்னார்கள். சபையிடம் பணம் இல்லை. கடைசியில் பொலிஸ் வந்து பேசி, மரத்தை அகற்றி, ட்ரக்டர் மறுபடியும் அதே இடத்துக்குப் போனது. வேறு இடம் இருக்கவில்லை.

றஹீமா இத்தாவில், கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் காலத்தில், இருந்தாள். லைலா அவளைப் பார்க்கப் புறப்பட்டார். இரண்டு முறை வண்டியில் ஏறி, பாதி வழியில் திரும்பச் சொன்னார். மூன்றாம் முறை அக்ரம் திருப்பவில்லை.

றஹீமா வெள்ளை உடுப்போடு உள் அறையில் பாயில் இருந்தாள். லைலா பக்கத்தில் உட்கார்ந்தார். றஹீமாவே கேட்டாள்:

"வேலிக் காச வேற எதுக்கோ குடுத்த எண்டு சனம் கதைக்குது. மெய்யா ராத்தா?"

"ஓம். கூட்டிற சனத்துக்குச் சம்பளம் குடுத்த. நானும் கை தூக்கினன்."

றஹீமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் லைலா தாங்கியிருப்பார்.

"அதுகளும் பாவம்தான்" என்றாள் றஹீமா. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். லைலா வெளியே வரும்வரை அவள் திரும்பவில்லை.

அந்த டிசம்பரிலும் பாதீடு வந்தது. வேலி அதில் இருந்தது, கூடின தொகையோடு. "இது வருமா மிஸ்?" என்று லைலா கேட்டார். கலாராணி மேசையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாது மெம்பர்" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். லைலாவும் தூக்கினார். தூக்காமல் விட்டால் பாதீட்டில் வேலி என்ற அந்தப் பெயரும் இல்லாமல் போய்விடும் என்று பயந்தார்.

மூன்று மாதத்தில் நாடு முழுவதும் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. புதிய தேர்தல் தள்ளிப்போனது. உறுப்பினர்கள் வீட்டுக்குப் போனார்கள். லைலா பழையபடி துணிப் பொதியைக் கட்டினார்.

இத்தா முடிந்ததும் றஹீமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொத்துவிலில் உள்ள தன் உம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். அறுகம்பேயில் ஒரு விடுதிக் குசினியில் வேலை செய்வதாகக் கேள்வி. லைலா பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கென்று துணி அனுப்பினார். கிடைத்தது என்று ஒரு குரல் பதிவு வந்தது. அதில் பேசியது மூத்த பிள்ளை.

குடியேற்றத்தில் இப்போது நாலைந்து வீடுகள்தான் திறந்திருக்கின்றன. லைலா இன்னும் அங்கே போகிறார். துணி எடுக்க அங்கே அதிகம் பேரில்லை. அக்ரம் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டார். லைலா கேட்பதாக இல்லை.