புளி போட்டுத் தேய்த்த குள்ளன்

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரன் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து என் கீபோர்டின் மேல் நிறுத்தினான். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். கையில் வாள், முதுகில் இறக்கை, முகத்தில் தேவையில்லாத கோபம். அவன் நண்பன் வீட்டில் பொம்மை அச்சடிக்கும் இயந்திரம் வாங்கியிருக்கிறார்களாம். "எப்படி இருக்கு, சொல்லுங்க" என்றான். நான் பொம்மையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து அதன் காலடியைப் பார்த்தேன். "முகத்தைப் பாக்காம ஏங்க காலைப் பாக்கறீங்க?" என்று சிரித்தான்.

என்ன செய்வது, தொழில் பழக்கம். என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம்கூட எனக்கு முதலில் கண்ணில் பட்டது செருப்புதான்.

உள்ளங்கையில் வைத்தால் அந்தப் பொம்மைக்குக் கனமே இல்லை. அந்தக் காலத்துப் பொம்மைகள் இப்படி இருக்காது. 'அந்தக் காலம்' என்று நான் சொன்னால் எண்பது வயதுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். என் முதல் வேலைக் காலத்தைச் சொல்கிறேன். தலையில் இன்னும் ஒரு நரைகூட இல்லை. அந்தப் பொம்மைகள் ஈயம் கலந்த உலோகத்தில் வார்த்தவை. நான்கைப் பையில் போட்டால் துப்பட்டா போட்ட தோள் ஒரு பக்கம் சாயும்.

ஆவடியில் ஒரு மாடியில் இரண்டு அறை. நான்கு பெண்கள், நான்கு விளக்குகள், பெயிண்ட் நாற்றம். அதை நடத்திய மேடம் பல வருடம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர். அங்கே சில பேர் சிறு வயதில் இந்தக் குள்ளர்களையும் மந்திரவாதிகளையும் பூதங்களையும் வாங்கி மேஜை மேல் சண்டை விட்டு விளையாடியிருக்கிறார்கள். இப்போது அவர்களுக்குத் தலை வழுக்கை, கை நடுக்கம். ஆனால் ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. பரணில் கிடந்த பொம்மைகளை எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் பழைய பெயிண்டை உரித்துவிட்டு, புதிதாக அடித்து, காலுக்குக் கீழே மண்ணும் புல்லும் வைத்துத் திருப்பி அனுப்புவோம். மூன்று முடிகொண்ட பிரஷால் பூதத்துக்குக் கண்மணி வைப்பது என் வேலை.

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். நைனா லுங்கி நெய்கிற தறிக்காரர். அம்மையார்குப்பத்தை விட்டுத் திருத்தணிக்குக் குடிவந்த பிறகும் தறி அவரை விடவில்லை. அம்மா இன்றைக்கும் பேங்கில் கைநாட்டுதான். நான் பி.காம்., முதல் வகுப்பு. அந்த முதல் வகுப்புக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். இப்படிப்பட்டவள் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று தெருவில் எந்த வாயால் சொல்வாள்? 'எக்ஸ்போர்ட் கம்பெனி' என்று சொல்லிவைத்தேன். அக்கா வீட்டுக்காரர் ஒருநாள் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார்.

"இன்னா பாப்பா, டிகிரி வாங்கிட்டு பூதத்துக்குப் பவுடர் பூசிகினு கீற?"

"எக்ஸ்போர்ட் வேலை பாவா."

"ஆங், ஆங். பூத எக்ஸ்போர்ட்டு."

அம்மாவிடம் அதைவிடப் பெரிய தப்பு செய்தேன். தாடியும் கோடாலியுமாக இருந்த ஒருவனைக் கையில் எடுத்து, "யாருடி இவரு?" என்று கேட்டாள். பொம்மை என்று சொல்ல நாக்கு வரவில்லை. "அவங்க ஊரு பழைய சாமிம்மா" என்று சொல்லிவிட்டேன். ஒரு கையில் பிடித்திருந்தவள் சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதோடு என் வேலைக்கு வீட்டில் ஒரு மரியாதை வந்தது. நானும் அதை அனுபவித்துக்கொண்டேன்.

காலடி என்று சொன்னேன் அல்லவா, அதை நாங்கள் 'பேஸ்' என்போம். காசு அளவு வட்டத்தில் பொம்மை நிற்கிற ஊரையே காட்டிவிட வேண்டும். அதற்கென்று பொட்டலம் பொட்டலமாக மண்ணும் புல்லும் வெளிநாட்டில் விற்கிறார்களாம். எனக்கெதற்கு அது? மலை அடிவாரத்துச் செம்மண்ணை டீ வடிகட்டியில் சலிப்பேன். அம்மா வீடெல்லாம் தேடுவாள், "வடிகட்டி எங்கடி?" என்று. புல்லுக்கு நைனாவின் தறியடியில் கிடக்கும் பச்சை நூல் பிசிறைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பசையில் தூவி, வாயால் ஊதி நிமிர்த்துவேன். பனி மலையில் வாழ்கிற குள்ளர்கள் என்று படத்தோடு எழுதி வரும். அந்தக் குள்ளர்கள் திருத்தணி மண்ணில், லுங்கி நூல் புல்லில் நின்றுகொண்டு விமானம் ஏறிப் போவார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஒருவர், 'எங்கள் ஊர் மலைச்சரிவே நேரில் வந்தது போல இருக்கிறது' என்று எழுதியிருந்தார். அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு மாதம் ஆனபோது, முதல்முறையாக ஒரு பெட்டி முழுவதையும் என்னை நம்பிக் கொடுத்தார் மேடம். பன்னிரண்டு குள்ளர்கள். பதினோரு பேரை உரித்துப் புதிதாக அடிக்கவேண்டும். பன்னிரண்டாமவனைத் தொடக்கூடாது. பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. அவனுக்குப் பெயிண்ட் அடித்தது பெட்டியை அனுப்பிய பெரியவரின் தம்பி, ஒன்பது வயதில். தம்பி இப்போது இல்லை. மற்றவர்களோடு சேர்ந்து நிற்கும்படி அவனுக்குப் பேஸ் மட்டும் செய்து கொடுத்தால் போதும், பெயிண்ட்மேல் விரல்கூடப் படவேண்டாம் என்று எழுதியிருந்தார்.

அடித்திருந்த அழகைச் சொல்லவேண்டும். முகம் பச்சை. தாடி சிவப்பு, தாடிக்குப் பூசிய சிவப்பு வயிறுவரை வழிந்திருந்தது. ஒரு காலில் பழுப்பு பூட்ஸ், இன்னொரு காலில் ஒன்றுமில்லை. பெயிண்ட் தீர்ந்ததோ, விளையாடக் கூப்பிட்டார்களோ. "மத்ததுல தப்பு நடந்தா திரும்ப அடிக்கலாம்மா. இது போனா போனதுதான்" என்றார் மேடம். வந்த பொம்மையை நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். அப்படியே எடுத்து அனுப்பினேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த வாரம் எங்கள் ஊர் ரயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காவடிக்கு இடம் கிடைக்கும், மனுஷனுக்குக் கிடைக்காது. வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று மேடம் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். வீட்டில் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்த சொந்தம், அக்கா குழந்தைகள், எங்கு கால் வைத்தாலும் பாய். பதினோரு பேரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பேஸில் பசை காய்ந்துகொண்டிருந்த பன்னிரண்டாமவனை எங்கே வைப்பது? குழந்தைகள் கை படாத ஒரே இடம் சாமி அலமாரி. முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கிருத்திகைக்கு முதல் நாள் மத்தியானம் பார்த்தால் அலமாரி காலி.

"அம்மா, இங்க இருந்த குள்ளன் எங்க?"

"குளிக்கப் போயிகீறாரு" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "பின்னாடி வேலு, வெளக்கு எல்லாத்தோடயும் காயுறாரு பாரு. மூஞ்சியெல்லாம் பச்சையா களிம்பு ஏறிகீதுடி அவருக்கு! எத்தினி வருசத்துக் களிம்போ. வெந்நீல ஊறப்போட்டு, புளி போட்டு நல்லா தேச்சிட்டேன்."

ஓடினேன். முற்றத்தில் பித்தளைச் சொம்புக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில், பிறந்த குழந்தை மாதிரி பளபளவென்று நின்றிருந்தான். அடிப்பூச்சு இல்லாமல் ஒரு சிறுவன் நேராக அடித்த பெயிண்ட். வெந்நீரில் ஊறியதும் தோலாக உரிந்து, மிச்சம் தேங்காய் நாரோடு போய்விட்டது. கூழாங்கல் ஒட்டி நான் செய்த பேஸும் போய்விட்டது, அதற்கு யார் அழுதார்கள்.

முதலில் அம்மாவை சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன், ஈயமாயிற்றே. அப்புறம் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவில் உண்மை வந்துவிட்டது. சாமி இல்லை, பொம்மை. செத்துப்போன ஒரு தம்பி சின்ன வயசில் அடித்தது.

"பொம்மைக்கா நான் நாலு நாளா விபூதி வெச்சிகினு இருந்தேன்?" என்று ஆரம்பித்த அம்மா, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சாமின்னு நீதானேடி சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

படம் இருக்கிறதே, அதைப் பார்த்து அப்படியே அடித்துவிடலாம் என்று அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவை துடைத்தேன். பிரஷ் எடுத்தால் என் கை தானாக ஓரம் கட்டுகிறது, நிழல் வைக்கிறது. இடது கையால் முயன்றேன். நன்றாக அடிக்கத் தெரிந்த ஒருத்தி இடது கையால் அடித்தது போலவே வந்தது. பாவா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாது, கெட்டதா அடிக்கக் கூடவா டிகிரி படிக்கணும்?" என்றார்.

"குடுடி, நான் அடிக்கிறேன்" என்றாள் அம்மா. "அழிச்சது நான்தானே."

பென்சில்கூடப் பிடித்தறியாதவள். பிரஷைத் தோசைக்கரண்டி மாதிரி முழுக் கையால் பிடித்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு மணி நேரம். தெருவில் காவடிகள் அரோகரா என்று போய்க்கொண்டிருந்தன. கிருத்திகைக்கு முதல் நாள் அம்மா வாசலுக்கு வராதது அந்த ஒரு வருடம்தான். முடித்து நீட்டினாள். அதே பச்சை முகம், அதே வழிந்த தாடி. ஆனால் இரண்டு காலிலும் பூட்ஸ்.

"அந்தக் கால விட்டுடணும்னு சொன்னேனேம்மா!"

"ஒத்தக் கால்ல பூட்ஸ் மாட்டிகினு எவன்டி நடப்பான்? சண்டைக்கு வேற போறான்."

பழுப்பு பாட்டில் தீர்ந்துவிட்டதால் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு கலரை அந்தக் காலுக்கு அடித்திருந்தாள். பரவாயில்லை, அந்தக் காலை மட்டும் நான் துடைத்துவிடுகிறேன், தம்பி அடித்ததுதான் என்று அவர் நினைத்துக்கொள்வார், யாரிடமும் சொல்லாதே என்றேன். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"குனிஞ்சி ஒக்காந்து கழுத்து புடிச்சிகினு அடிச்சது நானு. பேரு மட்டும் அவரு தம்பிக்கா?"

எனக்கு இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று காலேஜில் பலர் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

கிருத்திகை முடிந்து கூட்டம் வடிந்த ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மணவூருக்கு முன்னால் சிக்னலுக்காக வண்டி நின்றபோது திறந்து பார்த்தேன். ஒரு காலைத் துடைத்தால் போதும். பஞ்சும் பெயிண்ட் உரிக்கும் மருந்தும் பையிலேயே இருந்தன. அந்தப் பெரியவர் சாகும்வரை அதைத் தம்பி என்று எடுத்து எடுத்துப் பார்ப்பார். அவர் பார்ப்பது எங்கள் அம்மாவின் கையை. வண்டி கிளம்பிய பிறகும் பஞ்சைத் தொடாமல், பெட்டியை மூடவும் மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆவடியில் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், சாமி என்று சொன்னதையும் சேர்த்து. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இங்கிலீஷ் தெரியுமில்ல? நீயே எழுது" என்றார். முதல் வகுப்பு பி.காம். ஐந்து வாக்கியம் எழுத அரைநாள் எடுத்துக்கொண்டது. புளிக்கு இங்கிலீஷ் தெரிந்தது. களிம்புக்குத் தெரியவில்லை. அம்மா அடித்திருப்பதையும் எழுதினேன்.

ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன் என்று ஆரம்பித்திருந்தார். நீங்கள் எடுத்து அனுப்பிய படங்கள் என்னிடம் இருக்கின்றன, அது போதும். புதுப் பெயிண்டை எடுத்துவிட்டு வெறும் உலோகமாக அனுப்புங்கள். அவன் இடத்தில் வேறு கை வேண்டாம். அம்மாவைத் திட்டாதீர்கள். அவ்வளவுதான்.

"அப்போ நான் அடிச்சது வேணாமாமா?" என்றாள் அம்மா. இரண்டு நாள் முகம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "குடு, நானே புளி போட்டுத் தேச்சித் தரேன்" என்றாள். உன் புளியே வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டு, ஆவடியில் நானே பழைய டூத்பிரஷால் உரித்தேன். புதுப் பெயிண்ட், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. உரிக்கும் முன் எதையும் படம் எடுக்கவேண்டும் என்பது அங்கே விதி. இந்த வெட்கக்கேட்டை முதலில் ஒழித்துக் கட்டுவோம் என்ற அவசரத்தில் நான் எடுக்கவில்லை.

மேடம் என்னை அனுப்பிவிடவில்லை. இரண்டு வருடம் கழித்து வேலைதான் எங்களை அனுப்பியது. அச்சடிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஈயக் குள்ளர்களை அனுப்பிய பெரியவர்களின் கடிதங்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அந்த மாடியில் இப்போது ஒரு டியூஷன் சென்டர். அம்மாவுக்கு ஒரு பிரஷ் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். கிரைண்டர் இடுக்கில் மாவு எடுக்க ரொம்ப வசதியாக இருக்கிறது என்கிறாள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் வர்ணம் அடிக்கவில்லை.

அந்தத் தம்பி அடித்த குள்ளனைப் பார்க்க வேண்டுமென்றால் இன்றும் பார்க்கலாம். என் பழைய போனில் நான்கு பக்கமும் இருக்கிறது. அம்மா அடித்த குள்ளன் எங்கும் இல்லை. எப்போதாவது அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்களுக்குள் ஒரே சண்டை. அந்த இன்னொரு கால் பூட்ஸ் நீலம் என்பாள் அம்மா. சிவப்பு என்பேன் நான்.

"அடிச்சது நானு. எனக்குத் தெரியாதா?" என்பாள்.

உரித்தது நான், எனக்கும்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து, சரி, நீலம்தான் என்று விட்டுவிடுவேன்.