மூன்று செக்கன் பொறுமை

கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்வீட்டில் அந்த மாதம் முழுவதும் ஒரே கேள்விதான். மாமாவுக்குக் கொழும்பில் வேலை கிடைக்குமா, அல்லது கட்டாருக்குப் போய்க் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவாரா? மாமா அம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கண்ட கண்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டு ஓய்ந்து போயிருந்தார். கட்டார் விசா வந்து கிடந்தது. மாதக் கடைசி வரைக்கும் பார்ப்போம், அதற்கு மேல் காத்திருக்க ஏலாது என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மா சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீட்டில் அப்பாகூட அப்பீல் செய்வதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கம்பெனியிலிருந்து மாமாவுக்கு ஈமெயிலில் பரீட்சை வந்தது. பரீட்சைக்கென்றே அவர்கள் வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுத்திருந்தார்கள். அதன் முதல் ஆயிரம் போர்ட்டுகளில் எவையெவை திறந்திருக்கின்றன என்று சொந்தமாக எழுதிய புரோகிராமால் கண்டுபிடித்து, பின்னேரம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். எனக்குப் பத்து வயது, பள்ளிக்கூட விடுமுறை. மாமாவின் கதிரைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"போர்ட் எண்டா கதவு மாதிரி, பிள்ளை. ஒவ்வொண்டாத் தட்டிப் பாக்கிறது. சில கதவு 'வா' எண்டும். சிலது 'போ' எண்டும். சிலது ஒண்டுமே சொல்லாது."

"ஒண்டும் சொல்லாட்டி?"

"எவ்வளவு நேரம் நிக்கிறது எண்டு நாங்கதான் சொல்லிக்குடுக்கோணும். இல்லாட்டி அங்கயே நிண்டு தூங்கும்."

கொட்டாஞ்சேனையில் உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரின் கதவைத் தட்டுவதா! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில் நற்கருணை ஆசீர்வாதத்துக்கு மணி அடிக்கும்போது வருமே, அதே புல்லரிப்பு.

புரோகிராமை எழுதி முடிக்கவே மூன்று மணியாகிவிட்டது. முதலில் மாமா தன்னுடைய கம்ப்யூட்டரையே தட்டிப் பார்த்தார். காத்திருக்கும் நேரத்துக்கு 0.1 என்று போட்டார். எண்கள் மழையாகக் கொட்டி முடிந்தன. பிறகு அதை அழித்துவிட்டு 3 என்று எழுதி, கம்பெனிக்காரர்களின் முகவரியைக் கொடுத்தார். எண்கள் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தன. அந்தக் கம்ப்யூட்டரின் கதவுகள் அனேகமாக எல்லாமே ஊமைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று செக்கன் நின்றுதான் அடுத்ததற்குப் போக வேண்டியிருந்தது.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். மாமாவின் வேலைக்காக அவரை ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு அனுப்புவதாக அம்மா நேர்ந்திருந்தார். அன்று ஒன்பதாவது. எட்டோடு நின்றால் அந்த எட்டும் வீண் என்பது அம்மாவின் சட்டம். "ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சிடும், ஒண்டையும் தொடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மூன்றேகாலுக்கு மாமா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

நான் காவல் இருந்தேன். பத்து நிமிடத்தில் இருநூறுதான் ஆகியிருந்தது. கணக்கில் நான் புலி இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இது ஐந்து மணிக்குள் முடியாது, மாமா கட்டாருக்குப் போய்விடுவார் என்பதுதான். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை சும்மா இருக்குமா? நிறுத்தினேன், 3 ஐ அழித்து 0.1 போட்டேன், திரும்ப ஓட விட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஆயிரமும் முடிந்தது. திறந்த கதவு ஒன்றுகூட இல்லை. எல்லாம் பூட்டு என்று நல்ல செய்தி சொல்லக் காத்திருந்தேன்.

மாமா திரும்பி வந்தபோது நாலு நாற்பது. திரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"இதில கை வச்சனியா?"

சொன்னேன். அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்துவிட்டார். மாமா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "இந்த டொங்கிள் இன்டர்நெட்டில பதில் வரவே ரெண்டு செக்கன் செல்லும், பிள்ளை. நீ தட்டிப்போட்டு அவங்கள் எழும்பி வர முதல் ஓடிட்டாய்" என்றார்.

இருபது நிமிடத்தில் ஐம்பது நிமிட வேலையை எப்படிச் செய்வது? மாமா திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்தார். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. பத்து ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் நூறு கதவு. காத்திருக்கும் நேரம் அதே மூன்று செக்கன். பத்தும் ஒன்றாக நடக்கத் தொடங்கின. நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பெருநாள் வாணவேடிக்கை பார்த்திருக்கிறேன். இதற்கு ஈடு எதுவுமில்லை. ஒரே ஆள் பத்துப் பேராகிப் பத்துத் தெருவில் நின்று தட்டுகிறார்! திடீரென்று ஒரு ஜன்னலில் 'திறந்திருக்கிறது' என்று ஒரு வரி. பிறகு வேறொன்றில். பிறகு மூன்றாவது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அம்மா அகப்பையோடே சிலுவை போட்டுக்கொண்டார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாமா பதிலை அனுப்பினார்.

கம்பெனியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மாதம் முடிந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போமா என்று மாமா ஒருமுறை கேட்டார். அம்மா தலையாட்டவில்லை. மாமா விமானம் ஏறினார்.

அவர் போய் நாலாம் நாள், விண்ணப்பத்தில் மாமா நம்பர் கொடுத்திருந்த அம்மாவின் போன் அடித்தது. அம்மா சிங்களத்தில் மெல்லக் கதைத்தார். மாமா வெளிநாடு போய்விட்டார் என்று இரண்டு தரம் சொன்னார். போனை வைத்துவிட்டுக் குசினி நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆரம்மா?"

"மாமாவ வேலைக்கு எடுத்திட்டாங்களாம்."

நான் துள்ளிக் குதித்தேன். "அப்ப மூண்டு கதவும் சரியா?"

"ஓம்."

"மாமாட்ட சொல்லுவமா?"

"சொல்லக்கூடாது" என்றார் அம்மா. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நல்ல செய்திக்கு ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார் பிறகு, சுவரைப் பார்த்து.

அன்றைக்கு நான் செய்த அவசர வேலையைத்தான் அம்மா இன்னும் மறக்கவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் போய் முழங்காலில் நின்று, இனி ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டேன் என்று அந்தோனியார்மேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.