கிடாருக்கு வைத்த சந்தனம்

என் அக்கா மதுமதியின் கணவர் ஜோதிலிங்கத்துக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டில்லி மயூர் விஹாரில் அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் தொங்கும் சிவப்பு எலெக்ட்ரிக் கிடாரைப் பார்த்துவிட்டு, "ஒரு பாட்டு வாசிங்களேன்" என்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வாசிக்கத் தெரியாது. எந்த வருசத்துக் கிடாருன்னு வேணா சொல்லுதேன்" என்பார். வந்தவர்களின் முகம் அப்போது போகிற போக்கைப் பார்க்க வேண்டும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அத்தானுக்கு ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. நாற்காலி, மேஜை, பீரோ, மின்விசிறி என்று எல்லாவற்றையும் கவிழ்த்தும் குனிந்தும் பார்த்து, பின்புறம் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். எண் இல்லாத நாற்காலியை அவர் நாற்காலி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார், அதில் அவருடைய மேலதிகாரியே உட்கார்ந்திருந்தாலும். சரிபார்த்த சாமானில் பழுப்பு அட்டை ஒன்றைச் சணல் கயிற்றால் கட்டிவிடுவார். அந்த முடிச்சை அவரைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது.

தொண்ணூற்றாறாம் வருஷம் சாணக்யபுரியில் ஒரு தூதரக அதிகாரி ஊருக்குத் திரும்பும் முன் வீட்டுச் சாமான்களை விற்றார். அக்கா ஃப்ரிட்ஜ் வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். அத்தான் ஆட்டோவில் கிடாரோடு வந்து இறங்கினார். ஃப்ரிட்ஜின் பின்னால் எண் தேய்ந்துபோயிருந்ததாம், கிடாரின் முதுகுத் தகட்டில் பளிச்சென்று இருந்ததாம். அவர் சொன்ன காரணம் இவ்வளவுதான். அந்தக் கோடை முழுக்க அக்கா பானைத் தண்ணீர் குடித்தாள். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒருமுறை அதை அவருக்கு நினைவூட்டினாள்.

பிறகு சைபர் கஃபேக்கள் வந்தன. மனிதர் கெட்டார். ஆபீஸ் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து, பழைய அமெரிக்கக் கிடார்களின் வருஷத்தைக் கண்டுபிடிக்கும் கலையைக் கற்றுக்கொண்டார். கற்றதை என்னிடம் ஒப்பிப்பார். முதுகுத் தகட்டின் எண்ணை நம்பக் கூடாது; யார் வேண்டுமானாலும் தகட்டை மாற்றிவிடலாம். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோலைத் திருப்பினால் அதன் முதுகில் இலக்கங்கள் குத்தியிருக்கும். முதலில் செய்த கம்பெனி, அப்புறம் வருஷம், கடைசியில் வாரம். அதிலும் வில்லங்கம் உண்டு. அது கன்ட்ரோல் பிறந்த வருஷம்தானே, கிடார் பிறந்தது அல்லவே! பற்றவைத்த ஈயம் மங்கியிருந்தால் சரி, பளபளத்தால் பிற்பாடு யாரோ கை வைத்திருக்கிறார்கள். கடைசியாகக் கழுத்து. திருகுகளைக் கழற்றிக் கழுத்தைத் தனியே எடுத்தால், உடம்புக்குள் பொருந்தியிருந்த அடிக்கட்டையில், அதைச் செய்த ஆள் மாதத்தையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதியிருப்பான். இத்தனையும் ஒத்துவந்தால்தான் கிடார் அசல்.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. ஹோட்டல் பாண்டுக்காரர்கள், சர்ச்சில் வாசிப்பவர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் கிடார் பெட்டியோடு படியேறி வர ஆரம்பித்தார்கள். அக்கா டீ போட்டுப் போட்டு அலுத்தாள். வந்தவர்கள் ஒருவர்கூடச் சிரித்த முகத்தோடு திரும்பியதில்லை. டில்லியில் ஒரு கிடாரும் தன் சொந்த உடம்போடு இல்லை என்பதுதான் அத்தான் கண்டுபிடித்த உண்மை. உடம்பு ஒரு வருஷம், கழுத்து ஒரு வருஷம், கன்ட்ரோல் லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வாங்கியது. அதை அவர் கொஞ்சமும் பூசி மெழுகாமல் சொல்வார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் மாசிலாமணி. மதராஸ்காரர், ஒரு பெரிய ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய கிடாரின் அடிக்கட்டையை ஏதோ ஒரு ரிப்பேர்க்காரன் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தான். தேதி இல்லை.

"அறுபத்துநாலு சார்" என்றார் மாசிலாமணி. "பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி என் கண்ணால பாத்தேன். நான் பொறந்த வருசமும் அதான். நானும் இதுவும் ஒரே வயசுன்னு பாண்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன் சார்."

"பாத்தீரு, சரி. இப்ப எங்க இருக்கு? காட்டும்."

"இப்ப இல்லையே சார்."

"கண்ணால பாத்ததெல்லாம் ரெக்கார்டு ஆகாதுவே."

பழுப்பு அட்டையில் 'ஆண்டு சொல்ல இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கிடாரின் கழுத்தில் கட்டிக் கொடுத்தார். மாசிலாமணி, அக்கா கொடுத்த டீயைக் குடிக்காமலே இறங்கிப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அறுபத்துநாலுன்னு எழுதிக் குடுத்தா உங்க சொத்தா கரையுது அத்தான்?" என்று கேட்டேன். "எழுதினா அப்புறம் அட்டைக்கு என்ன மதிப்பு மாப்ள?" என்றார். இவரோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

தன்னுடைய சிவப்புக் கிடார் மட்டும் முழு அசல் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இந்தக் கலையைக் கற்ற புதிதில் ஒரே ஒரு முறை கழுத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். பென்சில் எழுத்து மிக மங்கல். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் தெரியும். மார்ச், அறுபது. அப்போது படம் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. அடிக்கடி கழற்றினால் மரத்தில் திருகின் பிடி போய்விடும் என்று அதன்பின் திறக்கவும் இல்லை. டில்லியில் எல்லாமே ஒட்டுப்போட்டது, நான் வைத்திருக்கும் இது ஒன்றுதான் யோக்கியம் என்று அவர் சொல்லும்போது குரலே மாறிவிடும். சொந்தப் பிள்ளையைப் பற்றிக்கூட ஒருவர் அப்படிப் பேச மாட்டார்.

இரண்டாயிரத்தொன்றில் வந்தது வினை. இன்டர்நெட்டில் இந்தக் கிடார்களுக்கென்றே ஒரு சபை இருந்தது. அங்கே ஓஹையோக்காரர் ஒருவர் சொன்னதுதான் தீர்ப்பு. அசல் என்று அவர் ஒப்புக்கொண்டவை மட்டும் சபையின் பக்கத்தில் ஏறும். அத்தான் தன் கிடாரின் படங்களை அனுப்பினார். உடம்பு சரி, கன்ட்ரோல் சரி, கழுத்து பிற்பாடு மாற்றியது போலத் தெரிகிறது, அடிக்கட்டையின் படம் வேண்டும் என்று பதில் வந்தது. அத்தானுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் போட்டோ எடுப்பவன். கிட்டத்தில் வைத்து எடுக்கும் லென்ஸ் என்னிடம் இருந்தது. "காலை வெயில் சன்னல்ல சாய்வா விழும் மாப்ள, அப்ப எடுத்திரு" என்றார். முந்தின நாள் சாயங்காலமே கழுத்தைக் கழற்றி, பாகங்களை ஒரு பழைய வேட்டியில் பரப்பி வைத்தார். அக்காவை அழைத்து அடிக்கட்டையைக் காட்டினார்.

"இந்தா பாத்துக்கோ. இந்த இடந்தான் இதுக்கு நெத்தி. இதுக்கு உண்டான மரியாதை குடுக்கணும்."

ஐந்து வருஷத்தில் அக்காவிடம் அந்தக் கிடாரைப் பற்றி அவர் மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. என் வீட்டில் நான் ஒற்றை ஆள், எனக்கு அது நினைவில் இல்லை. அத்தானுக்கு அன்றைக்கு அறுபதாம் வருஷம் மார்ச் மாதத்தைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. காலையில் அவர் என்னை அழைத்து வர ஸ்கூட்டரில் கிளம்பி வந்தார். நாங்கள் திரும்பி வருவதற்குள் அக்கா பூஜையை முடித்துவிட்டாள். புஸ்தகங்கள், கத்திரிக்கோல், தையல் மெஷினின் பாபின், எல்லாவற்றுக்கும் நடுவில் பட்டுத்துணிக்கு அடியில் கிடார்.

"எடுக்கக் கூடாது" என்றாள். "நாளைக்கு விஜயதசமி பூஜை முடிஞ்சுதான் எதையும் தொடணும்."

"ஏட்டி, ஒரு போட்டோதான். அஞ்சு நிமிசம்."

"வாத்தியம்னா அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா? நீங்கதான அஞ்சு வருசமா அதைத் தலைல வச்சு ஆடுதீய. நாளைக்கு எடுங்க."

அத்தான் பட்டுத்துணியையே பார்த்துக்கொண்டு சுண்டல் தின்றார். நானும் அங்கேயே தங்கினேன்.

விஜயதசமி காலையில் வெயில் சன்னலில் சாய்வாக, அவர் கேட்டபடியே விழுந்தது. அக்கா கற்பூரம் காட்டிவிட்டுத் துணியை விலக்கினாள். அத்தான் இரண்டு கையாலும் கழுத்தை ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அடிக்கட்டையில், தேதி இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம். அவர் வேட்டி நுனியை நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒற்றி எடுத்தார். கீழே சுத்தமான வெள்ளை மரம் இருந்தது.

"இங்க ஒரு எழுத்து இருந்துதே" என்றார்.

"எழுத்தா? அழுக்கு மாதிரி லேசா என்னமோ கிடந்தது. நார் போட்டுத் தேச்சிட்டுத்தான் சந்தனம் வச்சேன்" என்றாள் அக்கா. அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "நீங்கதான சொன்னீய, நெத்தின்னு. நெத்தில அழுக்கோட யாராச்சும் பொட்டு வைப்பாவளா?"

அவர் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கத்தவில்லை. கத்துவதற்கு அவள் எந்த இடத்தையும் மிச்சம் வைக்கவில்லை. எனக்குத்தான் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இருந்தாலும் படம் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். குங்குமத்தின் சிவப்புக் கறையோடு வெறும் மரக்கட்டை அதில் விழுந்தது. நடந்ததையெல்லாம் விளக்கி எழுதி, படத்தையும் ஓஹையோவுக்கு அனுப்பினார். இரண்டே வரியில் பதில் வந்தது. படத்தில் தேதி இல்லை. நீங்கள் பார்த்தீர்கள் என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அத்தான் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "சரியாத்தான எழுதியிருக்காரு" என்றார். அன்றைக்கு அவரைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி வந்தார். நண்பர் ஒருவருக்கு ஏதோ கிடார் விசாரிக்க வேண்டுமாம். தன் கிடாரும் தோளில் இருந்தது. அவிழாத அந்த முடிச்சோடு பழுப்பு அட்டையும் அதில் ஆடிக்கொண்டிருந்தது. கழற்றிக் கிடந்த சிவப்புக் கிடாரைப் பார்த்து, "என்ன சார் ஆச்சு?" என்றார். அத்தான் சொன்னார்.

"நீங்க பாத்தீங்களா சார், அந்தத் தேதிய?"

"பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன். மார்ச், அறுபது."

"அப்புறம் என்ன சார்? அது அறுபதுதான்" என்றார் மாசிலாமணி. எந்த யோசனையும் இல்லாமல், டீயை வாங்கிக்கொண்டே சொன்னார்.

அத்தான் எழுந்து போய், மாசிலாமணியின் கிடாரில் கட்டியிருந்த முடிச்சைத் தன் நகத்தால் அவிழ்த்தார். 'ஆண்டு சொல்ல இயலாது' என்ற அந்த அட்டையை எடுத்துவந்து, சிவப்புக் கிடாரின் கழுத்தில் சுற்றி, இறுக்கிக் கட்டினார்.

"அப்ப என்னுது சார்?" என்றார் மாசிலாமணி.

"உம்மது அறுபத்துநாலுவே" என்றார் அத்தான். "நீருதான் பாத்தீருல்லா."